அறுபத்திரண்டில் நிற்கும் வண்டி

கோபாலன் வீட்டு மோட்டார்சைக்கிள் மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட மறுத்தது. நூற்றைம்பது சிசி வண்டி. அவர் மகன் உதய் ஓட்டிய காலத்தில் அது நூற்றுப்பத்தைத் தொட்டது என்பதற்கு அவன் தங்கை சாதனாவின் போனில் வீடியோ இருக்கிறது. இப்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கினாலும் முள் அறுபத்திரண்டில் போய் நின்றுகொண்டு, இதற்கு மேல் நம்மால் ஆகாது என்றது. கல்கத்தா பெஹாலாவில் அந்தச் சந்து முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. வங்காளிகளுக்கு ஒரு ரிப்பேர் சமாச்சாரம் கிடைத்தால் போதும், கையிலிருக்கும் டீ ஆறுகிறவரை ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். மழைக்காலத்தில் எஞ்சினுக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்றார் ஹோமியோபதி டாக்டர். பெண் பிள்ளை ஓட்டினால் வண்டி வெட்கப்படும் என்று ஒரு கிழவர் சொல்லப்போய், சாதனாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உண்மையான காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மெக்கானிக் நரேன். இன்னொருவர் கோபாலன்.

கோபாலனின் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து நூறு வருஷம் ஆகிறது. அவர் கும்பகோணத்தை மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊரை விட்டு நகரவில்லை. பாங்கில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து எழுந்து, ஓய்வு பெற்றபின் பெஹாலாவில் மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட். மனைவி அனந்தலக்ஷ்மி. மகன் உதய், மகள் சாதனா. மகன் இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆவணி மாத சாயங்காலம் தாராதலா ரோட்டில் செத்துப்போனான். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது.

வண்டி பதினைந்து மாசம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. பின்சக்கரமும் மட்கார்டும் சைலன்ஸரும் நசுங்கியிருந்தன. எஞ்சினுக்குக் கீறல்கூட இல்லை. அதை மீட்டுக்கொண்டு வந்தவள் சாதனா. அனந்தலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த எமனை ஆத்து வாசலுக்குக் கொண்டு வராதேடீ" என்றாள். சாதனா கேட்கவில்லை. நியூ டவுனில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை அவளுக்கு. போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்காக மட்டும் அவள் வண்டியை எடுக்கவில்லை. அண்ணா ஓட்டின மாதிரியே அது மறுபடி ஓட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். தெருமுனை நரேனிடம் கொடுத்து எட்டு மாசம் கூடவே நின்று ஒவ்வொரு பாகமாகத் தேற்றினாள்.

வண்டி தயாராவதற்கு முதல் நாள் கோபாலன் தனியாக நரேனின் பட்டறைக்குப் போனார். ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். நரேன் அவரைக் காகு என்று கூப்பிடுவான், சித்தப்பா முறை. இருவரும் பேசியது வங்காளியில். நான் தமிழில் சொல்கிறேன்.

"இது வேகமாப் போகாதபடி ஏதாவது பண்ணு, நரேன்."

"காகு, வண்டியை ஓட வைக்கத்தான் நான் கடை போட்டிருக்கேன்."

"ஒரு குழந்தையைக் கொடுத்தாச்சு. இன்னொண்ணு இருக்கு."

நரேன் முடியாது என்றான், இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவனால் சொல்ல முடியவில்லை. அறுபத்துமூன்று வயசு மனிதர், இஸ்திரி போட்ட சட்டையோடு, கிரீஸ் பிசுக்கேறிய டயரில் உட்கார்ந்து விசும்பினால் யார்தான் என்ன செய்வார்கள்? கார்புரேட்டருக்குள் குட்டியாக ஒரு பிஸ்டன் உண்டு. முறுக்க முறுக்க அது மேலே ஏறிக் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் வழி விடும். நரேன் பில் எழுதுகிற பேனாவின் குழாயில் ஒரு விரற்கடை அளவு அறுத்து, அந்தப் பிஸ்டனுக்கு மேலே ஸ்பிரிங்குக்குள் செருகினான். பிஸ்டன் பாதி ஏறியதும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வேலை பத்து நிமிஷம்தான். முடித்துவிட்டுக் கையைக் கழுவினவன், அன்றைக்குக் கடையைச் சாயங்காலமே சாத்திவிட்டான்.

அவர்கள் இரண்டு பேரும் சாதனாவைப் பற்றிச் சரியாக யோசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் பிழைப்பே குற்றம் கண்டுபிடிப்பது. நியூ டவுனின் அகலமான ரோட்டில் இரண்டே நாளில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்பீடாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று போனை வைத்துச் சரிபார்த்தாள். அதுவும் அறுபத்திரண்டுதான் காட்டியது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் ஆஜரானாள். கோபாலனும் கூடப் போனார். மகளுக்குத் துணை என்று அனந்தலக்ஷ்மியிடம் சொல்லிக்கொண்டார்.

முதல் ஞாயிறு பிளக்கைக் கழற்றினாள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. "நல்லாத்தான் எரியுது" என்றான் நரேன், அவள் முகத்தைப் பார்க்காமல். ஏர் ஃபில்டரைப் புதுசாக மாற்றினாள். வண்டி நன்றி சொல்கிற மாதிரி கொஞ்சம் இனிமையாகச் சத்தம் போட்டது, அறுபத்திரண்டைத் தாண்டவில்லை.

இரண்டாம் ஞாயிறு பிரேக். "டிரம்மிலே உரசிக்கிட்டே ஓடுதோ என்னவோ, பாருங்க நரேன்தா" என்றாள். தா என்றால் வங்காளியில் அண்ணா. நரேன் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைத் தட்டிவிட்டான். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. செயின் சக்கரத்தின் பற்களை எண்ணினாள், இரண்டு தடவை. கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்த்தாள். சைலன்ஸருக்குள் கம்பியை விட்டுத் துழாவினாள். வெளியே மழை கொட்டியது, பட்டறை வாசலில் கணுக்கால் தண்ணீர் நின்றது, அவள் பான்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மண்ணெண்ணெயில் செயினைத் தேய்த்தாள். நெற்றியில் கிரீஸ். உதய்க்கும் அந்த இடத்தில்தான் எப்போதும் கிரீஸ் ஒட்டும். கோபாலன் மண் கோப்பையில் டீயைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்தால் மணி ஒன்றாகிவிடும். அனந்தலக்ஷ்மி தட்டு போட்டுக் காத்திருப்பாள். மோர்க்குழம்பும், பொட்டோலைத் தேங்காய் போட்டு வதக்கின கறியும். பொட்டோல் வங்காளிக் காய்தான், அதற்காக அது இந்த வீட்டில் மாமிக் கைப்பக்குவத்துக்குத் தப்ப முடியாது.

"என்ன, வேகம் வந்துடுத்தா?" என்றாள் இரண்டாம் ஞாயிறு. கரண்டி தட்டில் கொஞ்சம் பலமாகவே பட்டது.

"இல்லைம்மா."

"வரப்படாது. வரவே வேண்டாம். அவனுக்குத்தான் வேகம் இருந்துதே, என்ன ஆச்சு? அம்மான்னு ஒருத்தி இங்கே சமைச்சு வச்சுண்டு உக்காந்திருக்காளேன்னு ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா முறுக்கியிருப்பானா? கல்நெஞ்சன். தன் சுகம், தன் வேகம்."

"அம்மா, போறும்."

"எனக்குப் போறலையேடீ. பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு நாள் கூடப் போறலை. செத்தவாளைத் திட்டப்படாதும்பா. எனக்கு அவன்மேலே கோபம்தான் வரது. அழுகைகூட வரலை. இந்தாங்கோ, ரசம் போட்டுக்கோங்கோ."

கோபாலன் ரசத்தைப் போட்டுக்கொண்டார். உதயின் போட்டோ அந்த வீட்டில் எங்கும் கிடையாது. இரும்பு பீரோவில் சால்வைகளுக்கு அடியில் குப்புற வைத்திருக்கிறாள். அவன் மூஞ்சியை நான் பார்க்க மாட்டேன் என்று சொன்னவள் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. தெருவில் எவனாவது பையன் வண்டியை விரட்டிக்கொண்டு போனால் ஜன்னலில் நின்று அவனையும் சேர்த்துத் திட்டுவாள். இந்த மாதிரி சமயங்களில் சாதனா எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். குடிக்கும்போது அப்பாவையே பார்ப்பாள். கோபாலன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மூன்றாம் ஞாயிறு கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம், அளந்து பார்த்தார்கள். எஞ்சின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. சாதனா ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் தமிழில் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணு தோணறது. கோளாறுன்னா தாறுமாறா இருக்கும். ஒரு நாள் அம்பதுலே திக்கும், ஒரு நாள் எழுபது போகும், இருமும், புகை விடும். இது அப்படி இல்லை. அறுபது வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுக்கு மேலே கதவைச் சாத்தின மாதிரி. தினமும் அதே இடத்துலே."

"பழைய வண்டி இல்லையோ. ரெண்டு மழைக்காலம் வெளியிலே கிடந்திருக்கு."

"பழசானா இவ்வளவு ஒழுங்கா இருக்காதுப்பா. இது யாரோ சொல்லி நிறுத்தினா மாதிரி நிக்கறது." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "கார்புரேட்டர் ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வாரம் பிரிச்சுடறேன்."

கோபாலனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை பட்டறைக்குப் போனார். நரேன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். வருகிற புதன்கிழமை விஷ்வகர்மா பூஜை. கல்கத்தாவில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொட மாட்டார்கள். கழுவித் துடைத்துச் சாமி முன்னால் பரப்பிவிட்டு, எண்ணெய் படாத கையோடு உட்காருவார்கள்.

"வேற ஏதாவது காரணம் சொல்லிடேன், நரேன். எஞ்சின் தேஞ்சுபோச்சுன்னு சொல்லு."

"கம்ப்ரஷனை அவளே அளந்து பார்த்துட்டா."

"அவ வரதுக்குள்ளே எடுத்துட்டு, அப்புறம் பூஜை கழிஞ்சு மறுபடி..."

"காகு." நரேன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "முப்பது வருஷமா இந்தக் கையாலே பிழைக்கிறேன். கெட்டுப்போன வண்டியைச் சரி பண்ணத் தெரியாம திருப்பி அனுப்பியிருக்கேன். நல்ல வண்டியை நானே கெடுத்தது இது ஒண்ணுதான். அது மூணு வாரமா என் கண் முன்னாலே நிக்குது. அந்தப் பொண்ணு மண்ணெண்ணெய்யிலே கையைப் புண்ணாக்கிக்கிட்டுத் தேடுது, நான் பக்கத்துலே நின்னு விளக்குப் பிடிக்கிறேன். இதை வச்சுக்கிட்டு புதன்கிழமை சாமி முன்னாலே எப்படி உட்காருவேன்? நான் எடுக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். அவளே திறக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டுப் புழுக்கம் பிடுங்கியது. சாதனா வந்ததும் நரேன் அவள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். "நீயே பிரி, மா. உனக்கு இப்போ எல்லாம் தெரியும். நான் டீ குடிச்சுட்டு வரேன்." சொன்னவன் டீக்கடை இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தான்.

கோபாலன் தடுக்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அதுவும் முடியவில்லை. அவள் பெட்ரோல் குழாயை மூடினாள். மேல் மூடியின் திருகுகளைக் கழற்றினாள், ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். மூடியைத் தூக்கியதும் ஸ்பிரிங் எழும்பி வந்தது, ஸ்பிரிங்குக்குள்ளிருந்து நீலமாக ஒரு துண்டு பிளாஸ்டிக் தரையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுத்து ஒரு கண்ணால் அதன் ஊடாகப் பார்த்தாள். மறுபடி ஸ்பிரிங்குக்குள் விட்டுப் பார்த்தாள், வெளியே எடுத்தாள். நரேனின் காலி ஸ்டூலைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் திரும்பினாள்.

"எப்போ வச்சே?"

"நீ வண்டியை எடுத்துண்டு வரதுக்கு முதல் நாள்."

"நாலு வாரமா பக்கத்துலே உக்காந்து பாத்துண்டிருந்தியா?"

"சாதனா, எனக்கு வேற வழி தெரியலைம்மா. உங்கண்ணா போனப்புறம் நீ இந்த வண்டியிலேதான் போவேன்னே. நீ படி இறங்கினா திரும்பி வர வரைக்கும் நான் பால்கனியிலேயே நிக்கறேன். வேகம் இல்லேன்னா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"அண்ணா வேகத்துலேயா போனான்?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, அவன் நின்னுண்டிருந்தான். முள்ளு ஜீரோவுலே இருந்துது."

கோபாலன் அவள் கையிலிருந்த குழாய்த்துண்டையே பார்த்தார்.

"ஸ்டேஷன்லேருந்து வண்டியை எடுத்தப்போ சைடு ஸ்டாண்டு கீழே இருந்துது, கீழே இருந்தபடியே மடங்கியிருந்துது. ஓடற வண்டிக்கு யாராவது ஸ்டாண்டு போடுவாளா? அவன் போனையும் வாட்சையும் ஸ்டேஷன்லே ஒரு கவர்லே போட்டுக் கொடுத்தாளே, அந்த போனை நான் திறந்து பாத்தேன். கடைசி போன் உன்னுது. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட்."

"உனக்குத் தெரியுமா?" என்றார் கோபாலன். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"எனக்கு ஒன்பது மாசமா தெரியும். நீயே சொல்லுவே, நீயே சொல்லுவேன்னு பாத்துண்டிருந்தேன்."

அன்றைக்கு நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். கோபாலனாக அதன் பக்கம் போகமாட்டார். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது. உதய் வருகிற வழியில் லேக் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிவரட்டும் என்று கோபாலன் போன் செய்தார். பிள்ளைகள் வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஓட்டறச்சே போன் பேசப்படாது, அடிச்சா ஓரமா நிறுத்திட்டு எடுக்கணும். உதய் ஓரமாக நிறுத்தினான். "நிறுத்திட்டேன்பா, சொல்லு" என்றான். காப்பிப் பொடி விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் ஓய்வு பெற்ற மனிதருக்குப் பேச ஆள் வேண்டும். கட்டடத்தின் லிஃப்ட் மூன்று நாளாக வேலை செய்யவில்லை என்றார். அதற்கு சொஸைட்டி செக்ரட்டரி என்ன பதில் சொன்னார் என்று சொன்னார். அந்தப் பதிலுக்குத் தாம் என்ன பதில் சொன்னோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உதய் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்னால் வந்த லாரி இடித்தது. கோபாலன் அதைக் காதால் கேட்டார்.

மறுநாள் கேவ்ராதலா மயானத்தில், லேக் மார்க்கெட்டில் இருக்கும் சிநேகிதர் சிவராமகிருஷ்ணன் கோபாலன் தோளில் கை வைத்து, "என்ன கோபாலா, வேகமாப் போயிட்டானோ?" என்று கேட்டார். இருபத்தொன்பது வயசுப் பையன், மோட்டார்சைக்கிள் என்றால் யாருக்கும் வருகிற கேள்விதான். கோபாலன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது. வீடு திரும்புவதற்குள் அந்த ஆட்டல் அனந்தலக்ஷ்மியின் காதுக்குப் போய்விட்டது. உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான் என்று பேசினார்கள். ஒரு தடவை தலையாட்டினவர் அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஆட்ட வேண்டியதாயிற்று. போலீஸ் காகிதம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டு, வீட்டில் யாருக்கும் காட்டாமல் கட்டி வைத்தார். நாளடைவில் அவருக்கே அது வேகம்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. வேகமாக இருந்தால் அதைக் குறைக்கலாம் அல்லவா? ஒரு பேனாக்குழாய் போதும். தம்முடைய போன் காலை எதை வைத்து அடைப்பது?

பட்டறையில் சாதனா கார்புரேட்டரைத் திரும்ப மூடிக்கொண்டிருந்தாள். ஒரு திருகு இரண்டு தடவை கீழே விழுந்தது.

"போன் பண்ணினது தப்பில்லைப்பா. பிள்ளைக்கு அப்பா போன் பண்ணாம யார் பண்ணுவா? லாரிக்காரன் பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவே? அதை நான் எப்பவும் உன்மேலே வைக்கலை. தலையை ஆட்டினே பாரு, அதுதான்..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா தினம் தினம் அவனைத் திட்டறா. கல்நெஞ்சன்ங்கறா. அவன் உன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓரமா நின்னவன். நீ அங்கேயே உக்காந்து சாதம் பிசையறே. அவனுக்கு வாய் இல்லை, உனக்கு இருக்கு. எப்படிப்பா முடியறது உன்னாலே?"

"எனக்கு பயமா இருக்கும்மா. உங்கம்மா என்னை மன்னிக்க மாட்டா."

"மாட்டாதான்" என்றாள் சாதனா. "அதுக்காக அவனை மாட்டிவிடுவியா? இன்னிக்கு நீ சொல்றே. இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா உனக்குத்தான் இன்னும் கேவலம்."

சாப்பாட்டுக்குப் பிறகு அனந்தலக்ஷ்மி ஹாலில் தரையில் உட்கார்ந்து புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியும் வேர்த்தது. கோபாலன் அவள் முன்னால் நின்றார், உட்காரத் தோன்றவில்லை. மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்றபடியே சொன்னார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். லிஃப்ட்டைப் பற்றிப் பேசியதைக்கூட விடவில்லை. சாதனா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

அனந்தலக்ஷ்மி புளியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்து ஒதுக்கினாள், இன்னொன்றை எடுத்தாள்.

"நின்னுண்டிருந்தானா?"

"ஆமா."

"ஓரமாவா?"

"நன்னா ஓரமா. ஸ்டாண்டு போட்டு."

"எத்தனை நாழி பேசினேள்?"

"மூணு நிமிஷம்... நாப்பது செகண்ட்."

"காப்பிப் பொடி வேணும்னு சொல்ல அத்தனை நாழியா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. சால்வைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலில் விழுந்தன. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, அந்தக் குரலைக் கோபாலன் முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கேட்டதில்லை. இரண்டு வருஷமாக வராத அழுகை மொத்தமாக வந்தது. புளிக் கையோடு போட்டோவைத் தொட்டுவிட்டு, கண்ணாடியில் ஒட்டியதை முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள்.

"சாதனா, நான் திட்டினதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்குமோடீ? சொல்லேன். கேட்டிருக்குமோ?"

சாதனா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கோபாலன் அறை வாசல் வரைக்கும் போனார், உள்ளே போகவில்லை. தமக்கு அந்த அறையில் இடம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

அதன்பிறகு மூன்று நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், காப்பி கொடுத்தாள், மாத்திரையை எடுத்து வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. உதய் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டான், மல்லிகைச் சரத்தோடு. போகும்போதும் வரும்போதும் அனந்தலக்ஷ்மி அவனிடம் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை விஷ்வகர்மா பூஜை. விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கியும் டாக் மேளமும். வானம் முழுக்கப் பட்டம். மொட்டை மாடிகளில் அடுத்தவன் பட்டத்தை அறுத்த பையன்கள் "போ காட்டா" என்று கூவினார்கள், அறுந்த பட்டங்கள் கம்பிகளில் போய்ச் சிக்கின. சாதனாவுக்கு லீவு. முதல் நாளே வண்டியை நரேனிடம் விட்டிருந்தாள். அவன் அதைக் கழுவித் துடைத்து, ஹாண்டில் பாரில் சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். மாடிக்கு வரவில்லை. கீழேயிருந்து சாவியை சாதனாவிடம் கொடுத்து, "இப்போ முழுசா ஓடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அனந்தலக்ஷ்மி குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். உதயிடமிருந்து சரத்தைக் கழற்றி வாழையிலையில் சுற்றினாள்.

"எந்த இடம்னு உனக்குத் தெரியுமோ?" என்று மகளைக் கேட்டாள்.

"தெரியும்மா."

"என்னைக் கூட்டிண்டு போ."

"டாக்ஸி கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அவன் வண்டியிலேயே போறேன்."

அவள் ஜன்மத்தில் மோட்டார்சைக்கிளில் ஏறியதில்லை. கோபாலன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "லக்ஷ்மி, நானும் வரேன். ஆட்டோ பிடிச்சுண்டு பின்னாலேயே..."

மூன்று நாளில் முதல் தடவையாக அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில் களைப்புதான் இருந்தது.

"நீங்க ஆத்திலே இருங்கோ" என்றாள். "எனக்கு அவன்கிட்டே தனியாப் பேசணும்."

அவர் பால்கனியில் நின்று பார்த்தார். சாதனா அம்மாவின் தலையில் ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டினாள். அனந்தலக்ஷ்மி பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையில் வாழையிலையை நெஞ்சோடு பிடித்து, இன்னொரு கையால் மகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். நூற்றுப்பத்து போகக்கூடிய வண்டி சந்தில் மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தது. திருப்பத்தில் ஒரு கணம் நின்று, அப்புறம் மறைந்தது.

பத்தரை மணிக்குப் போனவர்கள். பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டரையும் ஆயிற்று. தாராதலா அப்படி ஒன்றும் தூரம் இல்லை. பூஜை நாள், ரோடெல்லாம் லாரிகளில் சாமியை ஏற்றிக்கொண்டு ஆட்டமும் பாட்டமுமாகப் போவார்கள். கோபாலன் இரண்டு தடவை பால்கனிக்குப் போய்விட்டு வந்தார். போனை எடுத்தார். சாதனா என்கிற பெயரில் விரலை வைத்தார்.

அடித்தால் அவள் எடுப்பாள். எடுப்பதற்கு முன்னால் வண்டியை எங்கேயாவது ஓரமாக நிறுத்துவாள். இந்த வீட்டுப் பிள்ளைகள் அப்படி வளர்ந்தவர்கள்.

அவர் விரலை எடுத்தார். போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பால்கனிக் கதவை நன்றாகத் திறந்து, வண்டிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.